அடைத்து வைத்த குழாய்கள்

எனக்கு மரக்கன்றுகள் மேல் எந்தக் கோபமும் கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கன்றை நட்டு, படம் எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்ற மறந்துபோகிறவர்கள் மேல்தான் கோபம்.

நகராட்சிக் குப்பைமேட்டுக்கு நான்தான் பொறியாளர். மண் போட்டு மூடிய மேட்டுக்குள் குப்பை மக்கி மீத்தேன் வாயு உண்டாகும். அது வெளியேற அங்கங்கே குழாய்கள் நட்டிருக்கிறோம். அவற்றையெல்லாம் இணைத்து, வாயுவை எரித்துவிட ஓர் அடுப்பு வைத்தால் அது பூமியைச் சூடாக்குவது வெகுவாகக் குறையும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் கண்ட பலன். வாயுவைக் குறைக்க வந்த நிதியில் மரக்கன்று நட்டார்கள், சுவர்களுக்குப் பச்சை வண்ணம் பூசினார்கள், நகராட்சி உறுப்பினர்களுக்குச் சைக்கிள் வாங்கினார்கள். அந்தச் சைக்கிள்களை அவர்கள் காரில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

"அடுப்பு யாரு கண்ணுக்குத் தெரியப்போவுது? சுவர்னா நாலு பேரு பாப்பாங்க" என்றார் நகராட்சித் தலைவர்.

பிறகு நிதி கொடுத்த மேலிடம் விழித்துக்கொண்டது. வாயு குறைந்திருப்பதைக் காட்டினால் அடுப்புக்குத் தனி நிதி, இல்லையென்றால் திட்டத்தையே இழுத்து மூடிவிடுவோம் என்றது. ஆய்வுக்கு வருகிறவர்கள் கருவியைக் குழாயின் வாயில் வைத்துத்தான் அளப்பார்கள். மண்ணை யாரும் அளப்பதில்லை. எனவே ஒவ்வொரு குழாய்க்குள்ளும் கை எட்டும் ஆழத்தில் ரப்பர் அடைப்பானைத் திணித்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டவர் குப்பைமேட்டுக் காவல்காரர்.

அடைத்த வாயு சும்மா இருக்காது. மண்ணுக்குள் பக்கவாட்டில் நகர்ந்து, கிடைக்கிற விரிசல் வழியாக எழும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இதைப் பாடம் எடுப்பவனே நான்தான். மேட்டின் அடிவாரத்தில் காவல்காரரும் அவர் மனைவியும் குடியிருந்த அறையின் தரை முழுக்க விரிசல்.

ஒரு வாரம் கழித்து அவர் என்னைத் தேடி வந்தார்.

"சார், தரைலேர்ந்து குப்புனு நாத்தம் வருது. அவ தலைவலின்னு படுத்தே கெடக்கா. ரெண்டு குழாயை மட்டுமாவது தெறந்து விடலாமா?"

"ஆய்வு முடியட்டும்ப்பா. அதுவரைக்கும் ஜன்னலைத் தெறந்து வை."

"தெறந்தா ஈ மொய்க்குது சார்."

"அப்போ அவங்களை வெளியில காத்தாட உக்காரச் சொல்லு."

சிரித்துக்கொண்டே போனார். நல்ல மனிதர். என் பேச்சை மறுத்ததே இல்லை.

ஆய்வாளர்கள் வந்தார்கள், அளந்தார்கள், கைகுலுக்கினார்கள். நிதியும் உறுதியானது. அன்றே அடைப்பான்களைப் பிடுங்கியிருக்கலாம். மறுபடியும் வந்து அளந்துவிட்டால் இத்தனை வருட உழைப்பும் வீணாகிவிடுமே என்று விட்டுவைத்தேன். இந்த ஊரில் ஒரு நல்ல காரியம் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை, மனைவிக்கு வெந்நீர் வைக்கக் காவல்காரர் தீக்குச்சி கிழித்தார். கூரை மேட்டின் பாதி உயரத்துக்குப் போய் விழுந்தது. அவர் மனைவி வெளியே உட்கார்ந்திருந்ததால் பிழைத்துக்கொண்டார். அந்த யோசனையும் நான் சொன்னதுதான்.

ஆம், அடைத்தது நான். வாயு எங்கே போய் எழும் என்று தெரிந்தேதான் அடைத்தேன். ஒன்றை மட்டும் வாக்குமூலத்தில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். மீத்தேன் அப்படியே காற்றில் கலப்பதைவிட எரிந்துபோவது பூமிக்கு நல்லது. அன்று அந்த அறையில் எரிந்ததையும் வாயுக் குறைப்புக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.