மூன்று தட்டு

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எவன் சொன்னான்? இது நடந்தது பகல் பன்னிரண்டு மணிக்கு, தாயில்பட்டி போகும் ஆளில்லாத ரோட்டோரத்தில். இரண்டாயிரத்து ஆறு, சித்திரை மாதம். நம் ஊர் முனியராஜின் அண்ணன் உக்கிரபாண்டிக்கு. இரும்புத் தூண் நிறுத்தி ஷெட் போடுகிறவன்.

அந்த இடத்தில் முன்பு பட்டாசு ரூம் வெடித்து ஆறு பெண்கள் செத்தார்கள். ஒருத்தியின் வலது கை கிடைக்கவே இல்லை... அப்படியே புதைத்தார்கள். எவனோ இரும்பைத் தட்டிப் பொறி பறந்ததுதான் காரணம் என்று பேச்சு.

அங்கே புது ஷெட் வேலை தொடங்கிய முதல் நாளே வாட்ச்மேன் அய்யாதுரை சொன்னார். “அங்கன இரும்பத் தட்டாதீகப்பா. அதுகளுக்கு ஆகாது.”

“இப்ப அங்கன வெடிமருந்தா இருக்கு அண்ணாச்சி?” என்று சிரித்தான் உக்கிரபாண்டி.

தட்டாமல் அவனுக்குப் பிழைப்பு ஏது? மேலே இருப்பவன் ஸ்பேனரால் தூணில் ஒரு தட்டு தட்டினால், கீழே இருப்பவன் குறுக்கு இரும்பு கட்டிய கயிற்றை இழுக்க வேண்டும். இரண்டு தட்டினால் அப்படியே பிடிக்க வேண்டும். மூன்று தட்டு என்றால் போல்ட் மாட்டியாச்சு, கயிற்றை விடு.

கீழே கயிறு பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் தம்பி சோணைமுத்து. பங்குனிப் பொங்கலில் வெட்டிய கெடாயின் தலைக்கறி யாருக்கு என்ற தகராறில், இருவருக்கும் பத்து நாளாகப் பேச்சு இல்லை. வீம்பு பிடித்த கழுதைகள். உக்கிரபாண்டி குனிந்துகூடப் பார்ப்பதில்லை, வெறும் தட்டுதான்.

அன்றும் ஒரு தட்டு தட்டினான். குறுக்கு இரும்பு ஏறி வந்தது. எப்போதும் திக்கித் திக்கி வருவது, அன்று வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டு தட்டினான், நின்றது. அதன் மேல் காலை ஊன்றி, துளையில் போல்ட்டை நுழைக்கக் குனிந்தான். கந்தக வாடை... கீழே வளையல் சத்தம்...

“மச்சான்... சாப்பிட வாரீகளா?”

சோணைமுத்துதான். பத்து நாள் கழித்து முதல் பேச்சு. ஆனால் குரல் தூணுக்கடியிலிருந்து வரவில்லை. தூரத்தில், ரோட்டோர வேப்பமரத்தடியில், தூக்குச்சட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தான்.

அப்படியென்றால் கயிற்றை...?

டங்... டங்... டங்...

தூணின் அடியிலிருந்து வந்தது. காலுக்குக் கீழே இரும்பு நழுவியது. பாய்ந்து தூணைக் கட்டிக்கொண்டான். கட்டியவனை ஏதோ காலைப் பிடித்து இழுத்தது.

உயிர் தப்பியது, இடுப்பு போயிற்று. ஓடிவந்த சோணைமுத்து முதலில் கயிற்றைத்தான் பார்த்தான். பட்டாசு வேலைக்குப் போகிற பெண்கள் கையில் அப்பியிருக்குமே அலுமினியப் பவுடர், அது கயிறு முழுக்க இருந்தது. சின்னச் சின்னக் கைத்தடங்கள். எண்ணினான். பதினொன்று.

பன்னிரண்டாவது தடம் உக்கிரபாண்டியின் கணுக்காலில் இருந்தது. வலது கை.