அரைச் சுற்று

சென்னை மாகாணத்திலிருந்து ஆந்திரா தனியாகப் பிரிந்த புதிதில், ரேணிகுண்டாவில் புத்தூர் ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு மெக்கானிக், கையில் திருப்பதி லட்டு.

“இத என்னால துன்ன முடியாது மாமா,” என்றார் உடன் வந்த பெரியவரிடம்.

“ஏம்பா?”

“மொதலாளியோட ரேஸ் காரு மலைமேல கறுப்பா புகை கக்குச்சு. அங்க காத்து கம்மியாச்சே. கார்பரேட்டர் ஸ்க்ரூவ அரை சுத்து திருப்பி பெட்ரோல கொறச்சேன். அருமையா ஓடுச்சு.”

“அப்புறம்?”

“கீழ எறங்கினதும் பழையபடி வெக்கணும். மறந்துட்டேன். அவரு வேகமா ஓட்டிக்கினு போக, கீழ இருக்கற காத்துக்கு பெட்ரோலு பத்தாம இஞ்சின் சூடேறி பிஸ்டன் ஓட்டையாயிடுச்சு.”

“திட்னாரா?”

“இல்ல. ‘எனக்கு வந்த கண்டம் வண்டியோட போச்சு, பெருமாள் காப்பாத்திட்டாரு’ன்னு கும்புட்டு, இந்த லட்ட குடுத்தாரு. நானும் வாயத் தொறக்காம வாங்கிக்கினு வந்துட்டேன்.”