பெட்டியில் வைக்காதவை

"மூணு சிஸ்டத்துலயும் ஓடிடுச்சுன்னா நான் கிளம்பிடுறேன்," என்றார் என் கணவர்.

"சரி. டீ போடட்டுமா?" என்றேன்.

"சர்க்கரை கம்மியா."

பிரிவதைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான். மற்றபடி நாங்கள் நல்ல தம்பதி.

கணவன் மனைவி சண்டையைத் தீர்த்துவைக்கும் செயலி ஒன்றை இருவருமாக வீட்டிலேயே செய்துகொண்டிருந்தோம். பாத்திரம் யார் கழுவுவது, கொசுவலை யார் கட்டுவது என்று அது தீர்ப்புச் சொல்லும். நிரல் எழுதுவது அவர். அதை விண்டோஸ், மேக், லினக்ஸ் என்ற மூன்று சிஸ்டத்திலும் ஓடும்படி, வேண்டிய கோப்புகளைச் சேர்த்துப் பொதிந்து வெளியிடுவது நான்.

நான் அவசரக்காரி அல்ல. விண்டோஸ் பொதியில் ஒரு துணைக் கோப்பைச் சேர்க்காமல் விட்டேன். அவர் கணினியில் அது ஏற்கெனவே இருந்ததால் ஜோராக ஓடியது. மற்றவர்களிடம் முரண்டு பிடித்தது. அவர் தலையைப் பிய்த்துக்கொண்டு அதைச் சரிசெய்ததும், மேக் பொதிக்கு, யாரும் கைவைக்கவில்லை என்று காட்டும் மின்கையொப்பம் இட்ட பிறகு உள்ளே ஒரு வெற்றுக் கோப்பைச் செருகினேன். 'இந்தச் செயலி சேதமடைந்துள்ளது' என்றது மேக். அது பொய் சொல்லவில்லை. பிறகு லினக்ஸ். அது சரியானால் மறுபடி விண்டோஸ்.

"இன்னுமா முடியல? அதுக்குள்ள ரெண்டு பிள்ளை பெத்து பள்ளிக்கூடமே அனுப்பியிருக்கலாம்," என்றார் மாமியார் போனில்.

"தரம் முக்கியம், அத்தை," என்றேன்.

முன்பதிவு செய்தவர்கள் கெஞ்சி எழுதினார்கள். ஒரு வீட்டில் உடைக்கத் தட்டே மிச்சமில்லையாம். இன்னொரு பெண், 'இனித் தேவையில்லை, அவர் போய்விட்டார்' என்று எழுதினாள். அனுதாபம் தெரிவித்து, புதிய பதிப்பு வந்ததும் சொல்வதாகப் பதில் போட்டேன்.

எனக்குக் காய்ச்சல் கண்ட வாரம் அவரே பொதிந்துவிட்டார். மூன்றிலும் ஓடியது.

அவர் பெட்டியை நான்தான் அடுக்கினேன். பொதிவது என் வேலை. தெருமுனை வரை போனவர், படிக்கிற கண்ணாடிக்காகத் திரும்பி வந்தார். அப்புறம் சார்ஜருக்காக. அப்புறம் ஒற்றை ஷூவுக்காக. அதற்கும் அப்புறம் பெட்டியைக் கூடத்தில் கவிழ்த்துக் கொட்டி, பிழை தேடும் அதே முகத்தோடு உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒண்ணு குறையுது. அந்த மூணு சிஸ்டத்துலயும்... நீதானா?"

"நான்தான்."

"ஏன்டி?"

தரத்துக்காக என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"போகாதீங்க," என்றேன்.