மரநாய்க்கு அடைத்த வழி

தி. நகர் ஜவுளிக்கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியபோது மழை பிடித்துக்கொண்டது. கரண்டும் போயிற்று. வீட்டுக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் நான்கு பேர். கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் காசாளர் சண்முகவேல். துணி அளக்கும் மேசையில் சாய்ந்து, காலை மடக்கிக்கொண்டு, ரவிக்கைத்துணிப் பிரிவு தேவானை. மாடிப்படியின் கடைசிப் படியில் தையல்காரர் ஆனந்தகுமார். பிரிக்காத வேட்டிக் கட்டின்மேல் சரக்கு வண்டி ஓட்டும் தேசப்பன், சாந்தோம் கடற்கரைக்காரர். நடுவில் ஒரு மெழுகுவத்தி.

"பேய்க்கதை எடுத்தேன்னா ஷட்டருக்கு வெளியதான் உக்காருவ," என்றாள் தேவானை தேசப்பனிடம்.

"கதை இல்லம்மா. என் தோஸ்து நந்தகுமாரு கீறான்ல... படகு வச்சிருக்கானே... அவன் மச்சானுக்கு நடந்தது."

தேசப்பன் சொன்னது இதுதான்.

இரவு பதினொரு மணி. மார்கழிக் குளிர். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்புறம் ஒரு சந்து, ஆட்டோ நுழையாது. ஒரே ஒரு தெருவிளக்கு, அதுவும் எரியவில்லை. சந்தின் கோடியில் பழைய ஓட்டு வீடு. கீழே பூட்டிக் கிடந்தது. மாடி அறையில் அந்த மச்சான் சுரேஷ்குமார், அவன் மனைவியும் நந்தகுமாரின் அக்காவுமான ஹம்சா, பிறந்து ஒரு மாதமே ஆன ஆண்பிள்ளை. வேறு யாரும் இல்லை.

குளிர் வந்தால் அந்தப் பக்கத்து மரநாய்களுக்கு ஓட்டு வீடுதான் சத்திரம். மாமரக் கிளை வழியாக, அறையை ஒட்டிய மொட்டைமாடிக்கு வரும். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் நுழைந்து பரணில் சுருண்டுகொள்ளும். பகலில் மூச்சு விடாது. இருட்டினால்... தட். தட். சர்ர்ர்ர். பலகை இடுக்கில் ஒரு வாசனை இறங்கும். அப்போதுதான் வடித்த சோறு மாதிரி.

பரணுக்கு நேர் கீழே பிள்ளையின் தூளி. பால் வாடைக்கு அது இறங்கிவிட்டால்? ஹம்சா பாதித் தூக்கத்தில்கூடத் தூளிக் கயிற்றை விடமாட்டாள்.

சுரேஷ்குமார் ஆழ்வார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவன். சுத்தியல் பிடித்துப் பழக்கமில்லை. ஆனால் அடைக்கும் முறையை விசாரித்து வைத்திருந்தான். மரநாய் உள்ளே இருக்கும்போது அடைத்தால் அங்கேயே செத்து நாறும். இல்லாவிட்டால் பலகையைப் பிய்த்துக்கொண்டு அறைக்குள் குதிக்கும். ஆகவே சாயங்காலமே இடுக்கின் வாயில் கோலமாவைத் தூவிவிட வேண்டும். இரவில் போய்ப் பார்க்க வேண்டும். வெளியே போன தடம் மட்டும் இருந்தால் தாமதிக்காமல் அடைத்துவிடலாம்.

அன்றிரவு டார்ச் அடித்துப் பார்த்தான். மாவில் தெளிவாகத் தடம். எல்லாம் வெளியே பார்த்து. ஐந்து ஐந்து விரல்...

"ஐஞ்சு விரலா?" என்றார் ஆனந்தகுமார், படியில் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு.

"மரநாய்க்கும் அஞ்சுதான் நைனா. அதுக்குள்ள இன்னாத்துக்குப் படியேறுற? இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

சுரேஷ்குமார் ஹம்சாவைக் குரல் கொடுத்து அழைத்தான். டார்ச் பிடிக்க ஆள் வேண்டும். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான், அவள் வந்தாள். கோழிவலையை உருட்டி இடுக்கில் திணித்தார்கள். கட்டுக்கம்பியை நறுக்க வேண்டும். குறடு இல்லை. தூறல் விழ ஆரம்பித்துவிட்டது.

"இருடி, வந்துட்டேன்," என்று அறைக்குள் ஓடினான். தூளிக்கு நேர் கீழே, தரையில் பாக்குவெட்டி கிடந்தது. பச்சைப்பிள்ளையைத் தனியே விட நேர்ந்தால், காத்துக் கருப்பு அண்டாமலிருக்கப் பக்கத்தில் ஓர் இரும்பு இருக்க வேண்டும் என்று ஹம்சா வைத்தது. அதை எடுத்துக்கொண்டு போனான். கம்பியை நறுக்கினான். முறுக்கினான். சிமெண்டைக் குழைத்து அப்பினான். மழை வலுத்தது. பாக்குவெட்டியைக் கைப்பிடிச் சுவரிலேயே மறந்துவிட்டு இருவரும் உள்ளே ஓடிவந்தார்கள்.

"அதுவரைக்கும் பிள்ள?" என்றாள் தேவானை.

"தனியாத்தான்."

சண்முகவேல் ஸ்டூலை வெளிச்சத்துப் பக்கம் நகர்த்தினார்.

விடிந்தபோது சந்தே இல்லை. தண்ணீர்தான். கீழ்ப்படிகள் மூழ்கி, வாசல் கதவு பாதி வரை முழுகியிருந்தது. கரண்ட் இல்லை, செல்போன் செத்துவிட்டது. தூளியில் பிள்ளை விழித்துக்கொண்டு கிடந்தான். ஹம்சா பால் கொடுக்க எடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டான். மதியமும் அப்படியே. அழவும் இல்லை.

இருட்டியது. தண்ணீர் சுவரில் இடிக்கும் சத்தம் மட்டும்... சளப்... சளப்...

அப்போது அழுகை கேட்டது.

முதலில் ஒரு விக்கல். பிறகு மூச்சு இழுக்கும் சத்தம். பிறகு வீறிடல். பிறந்த நாளிலிருந்து அவர்கள் பிள்ளை அப்படித்தான் அழுவான். சுரேஷ்குமார் தூளியை விலக்கிப் பார்த்தான். பிள்ளை கண்ணைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் மூடியிருந்தது.

அழுகை பரணில்.

"மரநாய்க் குட்டிதான். குட்டிய வுட்டுட்டுப் போயிருக்கு," என்றான். அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

ஹம்சா தன் ரவிக்கையைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கமும் நனைந்து வழிந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டு இறங்காத பால்.

"இன்னாங்க... நம்ம புள்ள மேல கீது."

"அப்போ இங்க கீறவன் யாருடி?"

"தெர்ல. பரணைத் தொற. பசியில கத்துறான்."

அவள் நாற்காலியை இழுத்தாள். அவன் பிடுங்கினான். பரண் கதவின் கொண்டிக்கு எட்டாதபடி அவளைச் சுவரோடு பிடித்துக்கொண்டான். கீழே தண்ணீர். மேலே அது. திறந்தால் என்ன இறங்கும்? திறந்து, மேலே இருப்பதும் இதே முகமாக இருந்தால்? எதை எடுப்பது, எதை விடுவது? அந்தக் கேள்விதான் அவன் பிடியைத் தளர விடவில்லை. விடிய விடிய அழுகை. தொண்டை கட்டி, கம்மிக் கம்மி... ஆனாலும் நிற்கவில்லை. தூளியில் இருந்தது கண்ணை மூடவே இல்லை.

காலையில் நந்தகுமார் படகோடு வந்தான். ஜன்னல் வழியாகத்தான் இறங்க வேண்டும். "அக்கா, புள்ளையக் குடு," என்று கை நீட்டினான். ஹம்சா அசையவில்லை. சுரேஷ்குமார்தான் தூளியிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

படகு சந்து முனையில் திரும்பியபோது நந்தகுமார் சொன்னான்: "மச்சான், புள்ள கத்துது பாரு, போர்த்தி வுடு." சொல்லிவிட்டு அக்கா மடியைக் குனிந்து பார்த்தான். பிள்ளையின் வாய் மூடியிருந்தது. அதற்குப் பிறகு அடையாறு போய்ச் சேரும்வரை அவன் அந்த வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

அடையாற்றில் உறவுக்காரர் வீட்டில் தங்கினார்கள். பிள்ளையை டாக்டர் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை என்றார். புட்டிப்பால் குடித்தான். அழ மட்டும் இல்லை.

சில நாளில் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம். காது கேட்காத மனிதர். எதையும் எழுதித்தான் கேட்பார். பூட்டிய வீட்டில் இராத்திரியில் குழந்தை அழுகிறதென்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்களாம். ஆளை வைத்துப் பரணைத் திறந்து பார்க்கட்டுமா, உங்கள் சாமான் அங்கே இருப்பதால் கேட்கிறேன், என்று.

"தொறக்கச் சொல்லுங்க," என்றாள் ஹம்சா. "இன்னும் உசுரோட கீறான். உங்க கால்ல வுழுறேன்."

சுரேஷ்குமார் பேனாவை எடுத்தான். எதிரே பாயில் பிள்ளை அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நெடுநேரம் கழித்து எழுதினான்: 'ஐயா அவர்களுக்கு வணக்கம். அது மரநாய்க் குட்டி. திறக்க வேண்டாம். பரண் கதவையும் சேர்த்துச் சிமெண்டு வைத்துப் பூசிவிடவும்.'

உறையில் போட்டான். பசை தடவி, ஓரத்தைக் கட்டை விரலால் நீவி ஒட்டினான். ஹம்சா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிள்ளையை அவளிடம் விட மனம் வராமல் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைத் தபால் பெட்டிக்கு நடந்தான்.

கடிதம் உள்ளே விழுந்தது.

தோளில் இருந்த பிள்ளை... காதோரம்... முதல் தடவையாகச் சிரித்தது.