சிரித்தபடி போனான்

— உட்காருங்க ராஜா, முதல்ல உட்காருங்க. ஷிஃப்ட் முடிஞ்சு நேரா வந்துட்டீங்களா? கையெல்லாம் ஒரே நீலமா இருக்கு. பெஞ்சுல ஒட்டிடாம பார்த்துக்குங்க.

— நான் உட்கார வரலை டீச்சரம்மா. நேத்து விசாரணையில நான் சொன்னது வினையாப் போச்சு. நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லணும்.

— வினையா? மேனேஜர் காலையில என்னைக் கூப்பிட்டு அப்படிப் பாராட்டினாரே. மூணு மாசம் முன்னாடி தண்ணி கேக்கத் தெரியாத ஆளு, ஆபீசர் முன்னாடி முழு வாக்கியமா, பிசிறில்லாம இங்கிலீஷ்ல பதில் சொன்னாருன்னு.

— அந்த முழு வாக்கியத்துக்கு என்ன அர்த்தம்னு இன்னைக்கு மத்தியானம்தான் கிரேன்காரர் சொன்னாரு. சோத்தை அப்படியே மூடி வெச்சுட்டேன்.

— அர்த்தத்தை அவர்கிட்ட ஏன் கேட்டீங்க? முதல் நாளே நான் என்ன சொன்னேன்?

— அர்த்தம் கேக்காதீங்க, பாட்டு வாயில ஏறட்டும், அர்த்தம் பின்னாலயே வரும்னு சொன்னீங்க. வந்துச்சு டீச்சரம்மா. என் மச்சானை ரெண்டாவது தடவை கொன்னுட்டு வந்துச்சு.

— பாருங்க, வார்த்தையை அளந்து பேசணும். அது நாட்டுப்பற்றுப் பாட்டு. இந்த ஊர்க் குழந்தைங்க தொட்டில்லயே கேக்கற பாட்டு. அதுல இங்கிலீஷ் கத்துக்கிட்டா மொழியும் வரும், விசுவாசமும் வரும்னுதான் கம்பெனி இந்த வகுப்பையே வெச்சிருக்கு.

— விசுவாசத்துக்கு என்ன குறைச்சல்? தூக்கத்துல எழுப்பினாலும் பாடுவேன். மலை, ஆறு, கோதுமை, கொடி. கடையில சோப்பு கேக்கத் தெரியாம "கோல்டன் ஹில்ஸ்"னு பாடிட்டு நின்னிருக்கேன். கடைக்காரன் எழுந்து நின்னு நெஞ்சுல கை வெச்சான், சோப்பு மட்டும் கொடுக்கலை.

— சரி, விஷயத்துக்கு வாங்க. ஆபீசர் என்ன கேட்டாரு?

— "ஒய் டிட் ஹி கோ இன்"னாரு. உன் மச்சான் தொட்டிக்குள்ள ஏன் இறங்கினாருன்னு கேட்டிருக்காரு, இப்ப புரியுது. அப்ப என் காதுல விழுந்தது நீங்க கேக்கற கேள்விதான். நீங்க வகுப்புல அதையே கேப்பீங்க, நாங்க எல்லாரும் பாட்டுலேர்ந்து பதிலை எடுத்துச் சொல்லுவோம். வாய் அதுபாட்டுக்குப் போயிடுச்சு. "நோ ஹேண்ட் டிட் புஷ் ஹிம், ஹி வென்ட் வித் எ ஸ்மைல்."

— அடடா, உச்சரிப்பைப் பாருங்க. எங்க இழுக்கணுமோ அங்க இழுக்கறீங்க.

— யாரும் தள்ளலை, சிரிச்சுக்கிட்டே போனான்னு அர்த்தமாம்.

— கோட்டைக்குள்ள போற போர்வீரனைப் பத்தின வரி அது.

— அவரு போனது சாயத் தொட்டிக்குள்ள. உள்ள விஷப்புகை, மூஞ்சிக்குக் கவசம் இல்லை, இறங்க மாட்டேன்னாரு. சூப்பர்வைசர் சட்டையைப் பிடிச்சு இறக்கிட்டு மூடியைச் சாத்தினான். அடுத்த ஏணியில நின்னு பார்த்தவன் நான் ஒருத்தன்தான். அந்த ஒரே சாட்சி வாயால இதைச் சொல்லிட்டு வந்திருக்கேன்.

— போனவரைக் குறை சொல்லக் கூடாது. ஆனா உங்க மச்சான் இங்க ஒரு நாள் வாயைத் திறந்திருக்காரா? கடைசி பெஞ்சுல உட்கார்ந்து கொட்டாவி. கொட்டாவி மன்னன்னே பேரு வெச்சிருந்தேன். நீங்க அப்படி இல்லை, தங்கம்.

— அக்காகிட்ட இன்னும் சொல்லலை டீச்சரம்மா. விசாரணையில நல்லாப் பேசினியாமேன்னு அவ இன்னைக்கு எனக்குச் சோறு கூடுதலா வெச்சுக் கட்டிக் கொடுத்தா. வேலையில நடந்த சாவுன்னு எழுதினா அவளும் பொண்ணும் இந்த நாட்டுலயே இருந்துக்கலாம். அவரா விரும்பி இறங்கினாருன்னு எழுதினா இருபது நாள்ல மூட்டையைக் கட்டணும். யாருக்குப் பயந்து ஓடி வந்தாளோ அவங்க கையிலயே போய் விழணும். அவளை உயிரோட விட மாட்டாங்க, உங்களுக்கே தெரியும்.

— தெரியும். அதுக்கு நான் என்ன பண்ணணும்?

— நாளைக்குக் காலையில கோப்பை மூடறாங்க. அதுக்குள்ள வந்து, இவனுக்கு இங்கிலீஷ் தெரியாது, மனப்பாடம் பண்ணினதை ஒப்பிச்சுட்டான்னு சொன்னாப் போதும்.

— உங்களுக்கு இங்கிலீஷ் நல்லாத் தெரியும்னு சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டவளே நான்தான். அதைக் காட்டித்தானே மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்னு சொன்னீங்க?

— சொன்னது மேனேஜர். நான் "எஸ்"ன்னேன். எதைக் கேட்டாலும் முதல்ல எஸ்னு சொல்லணும், அதுதான் மரியாதைன்னு சொல்லிக் கொடுத்தீங்களே.

— பாருங்க ராஜா, அடுத்த மாசம் நாலு கம்பெனிக்காரங்க என் வகுப்பைப் பார்க்க வர்றாங்க. இருபத்தாறு வருஷம் இந்த ஊர்ல அடுத்தவங்க கக்கூஸைக் கழுவினேன். இப்பதான் ஜனங்க என்னை டீச்சர்னு கூப்பிடறாங்க. நானே போய் என் பாடம் வெத்துன்னு சொல்லணுமா?

— உங்களுக்கு இடுப்பு முறிஞ்சு கிடந்தப்ப அக்காதானே ரெண்டு மாசம் குளிப்பாட்டித் தலை வாரி விட்டா.

— வாரி விட்டா. நல்ல பதமான கை. அந்த நன்றிக்குத்தான் என் கம்பளிக் கோட்டை வெளுத்து வெச்சிருக்கேன். கிளம்பற அன்னைக்கு வந்து வாங்கிக்கச் சொல்லுங்க.

— கோட்டெல்லாம் வேண்டாம். நீங்க வரவும் வேண்டாம். எனக்கு வேற வழி தோணிடுச்சு.

— என்ன வழி?

— நானே போறேன். ஆபீசர் முன்னாடி நின்னு பாட்டை ஆரம்பத்துலேர்ந்து எடுக்கறேன். அவரும் இந்த ஊர்ல பிறந்தவர்தானே? தொட்டில்ல கேட்டிருப்பாரு. போர்வீரன் சரணம் வரும்போது அவரும் கூடச் சேர்ந்து பாடுவாரு. அட, இவன் சாட்சி சொல்லலை, நம்ம பாட்டைத்தான் பாடியிருக்கான்னு அப்ப அவருக்கே புரிஞ்சிடும்.

— வேண்டாம் ராஜா. அசிங்கப்பட்டுப் போவீங்க.

— அந்த சரணத்துல நான் தப்பு விடவே மாட்டேன். மச்சானை அடக்கம் பண்ணின மறுநாள்தானே அதை ஆரம்பிச்சீங்க. ஒரு மணி நேர வகுப்பை மூணு மணி நேரம் ஆக்கினீங்க, அதுவும் வேலை நேரத்துல. மேனேஜர் கதவுகிட்ட நின்னு தாளம் போட்டாரு. துக்க வீட்டுக்காரன்னு மனசு இரங்கிட்டாரு போலிருக்குன்னு நினைச்சேன்.

— சொன்னாக் கேளுங்க. ஆபீசர் உங்ககூடச் சேர்ந்து பாட மாட்டாரு.

— ஏன், மறந்திருப்பாரா?

— மறக்கறதுக்கு அவரு அதைக் கேட்டிருக்கணுமே. அந்தப் பாட்டு மூணு சரணத்தோட முடிஞ்சிடுது ராஜா. நாலாவதை மேனேஜர் எழுதிக் கொடுத்தாரு, மெட்டுல நான்தான் உட்கார வெச்சேன்.