திறக்கக் கூடாத பெட்டி

இல்ல தம்பி, ஃபோனுக்குக் கண்ணாடி மாத்த வேணாம். அது உடைஞ்சபடியே இருக்கட்டும். இதை வச்சு நான் யார்கிட்டயும் பேசப் போறதில்ல. உள்ள ஒரே ஒரு குரல் பதிவு இருக்கு, அதை மட்டும் எடுத்து என் ஃபோன்ல போட்டுக் குடுத்துட்டீங்கன்னாப் போதும். மத்ததெல்லாம் அழிஞ்சாலும் பரவால்ல.

போட்டோவா? வேணாம். போட்டோ வீட்டுல இருக்கு, பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். போட்டோ பேசுதா?

பூட்டு நம்பர் எனக்குத் தெரியும், எங்க பொண்ணு பொறந்த தேதிதான். ஆனா தொட்டா அசையவே மாட்டேங்குது. ஏற்கெனவே ரெண்டு கடை ஏறி இறங்கிட்டேன். ஒருத்தர் போர்டு போச்சுன்னார். இன்னொருத்தர் கையிலயே வாங்கல, என்னமோ பிணத்தைத் தொடச் சொன்ன மாதிரி. நீங்கதான் பார்க்கலாம்னு ஒரு வார்த்தை சொன்னீங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க. நான் பேசிக்கிட்டிருந்தா இடைஞ்சல் இல்லையே?

எங்க வீட்டுக்காரரோடது. இல்ல, இப்ப இல்ல. ஓட்டு எண்றதுக்கு முதல் நாள் போயிட்டார்.

வண்டி ஓட்டினார். ஆஸ்பத்திரியில அழுக்குத் துணி இருக்கும் பாருங்க, படுக்கை விரிப்பு, போர்வை, டாக்டருங்க போடற அங்கி, எல்லாத்தையும் பெட்டியில ஏத்திக்கிட்டுச் சலவைக்கூடத்துக்குக் கொண்டு வருவார். அங்கதான் எனக்கு ராத்திரி வேலை, மடிக்கிற மேஜையில. குடும்பமே ஊரான் அழுக்குல பொழைக்குதுன்னு சொல்லிச் சிரிப்பார். எங்களுக்குள்ள ஃபோன்ல பேசிக்கற வழக்கமே இல்ல. ஒண்ணா வேலை பார்ப்போம், ஒண்ணா வீட்டுக்கு வருவோம், பகல்ல ஒண்ணாத் தூங்குவோம். இதுல எதைப் பதிவு பண்ணி வைக்க? கல்யாண வீடியோ இருக்கேன்னு எங்க பொண்ணு தேடி எடுத்துப் போட்டா. வாய் அசையுது, சத்தத்துக்குப் பாட்டு போட்டு வச்சிருக்கான் புண்ணியவான்.

ராத்திரி வேலை பார்க்கிறவனுக்கு மரியாதை கிடையாது தம்பி. ஒரு விசேஷத்துக்குப் போனா நாற்காலியிலயே கண்ணு சொக்கிடும். எங்க வீட்டு ஆளுங்க அவருக்கு வச்ச பேரே தூங்குமூஞ்சி மாப்பிள்ளை. எங்க அக்கா வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். அவர் வாயைத் தொறந்தா கூடமே அமைதியாயிடும். இவர் பேச ஆரம்பிச்சா, சின்ன மாப்பிள்ளை, அந்தத் தண்ணிச் செம்பை இப்படித் தள்ளுங்கன்னுவாங்க.

அப்புறம் இந்த ஃபோன் வந்துச்சு. ஆஸ்பத்திரிப் பின்வாசல்ல துணி ஏத்துற வரைக்கும் காத்துக் கிடக்கணும்ல, அப்பப் பார்க்க ஆரம்பிச்சார். அதுல ஒரு ஆளு தெனம் பேசுவான். அவன் பேச்சு இருக்கே, நம்ம ஒருத்தருக்குன்னே பேசற மாதிரி இருக்கும். ஊரு தூங்கும்போது முழிச்சிருக்கிற உழைப்பாளியே, உன் கண்ணுக்குத்தான் உண்மை தெரியும்னுவான். எங்க வீட்டுக்காரரைப் பார்த்து அதுவரைக்கும் யாராவது, உன் கண்ணுக்குத் தெரியும்னு சொல்லியிருப்பாங்களா? மூக்கு மேல கண்ணாடியை வச்சுக்கிட்டு வீடு பூரா தேடற மனுஷன்!

பின்னாடி விசாரிச்சப்ப, அப்படி ஒரு ஆளே கிடையாதுன்னுட்டாங்க. மூஞ்சி யாரோடதோ, குரல் மிஷினு பேசினதாம். வண்டி ஓட்டறவங்களுக்கு ஒரு மாதிரி, வாத்தியாருங்களுக்கு ஒரு மாதிரி, வீட்டுல இருக்கிற பொம்பளைங்களுக்கு ஒரு மாதிரின்னு ஆளுக்குத் தகுந்த பேச்சாம். கூடப் பொறந்ததுங்ககூட நம்ம மனசறிஞ்சு அவ்வளவு பக்குவமாப் பேசினதில்ல.

அதுல கேட்டதையெல்லாம் சொந்தக்காரங்க குரூப்புல போடுவார். மொதல்ல யாரும் கண்டுக்கல. தேர்தல் நெருங்க நெருங்க, என்ன சின்ன மாப்பிள்ளை, இன்னிக்கு என்ன சேதின்னு அவங்களே கேக்க ஆரம்பிச்சாங்க. தூங்குமூஞ்சி போய் ரேடியோ ஆயிட்டார். அந்தப் பேரை எவ்வளவு ஆசையா வாங்கிக்கிட்டார்ங்கிறீங்க! சட்டைக்கு இஸ்திரி போட்டுப் போக ஆரம்பிச்சார், அழுக்குத் துணி ஏத்துறதுக்கு.

ஓட்டு எண்றதுக்கு முதல் நாள் காலையில வேலை முடிஞ்சு வந்து உக்காந்தோம். ஒரு படம் வந்துச்சு. வெள்ளை வேன், பின்கதவு தொறந்திருக்கு, உள்ள சாம்பல் கலர்ப் பெட்டிங்க, முத்திரை போட்டு அடுக்கியிருக்கு. ஓட்டுப் பெட்டியை மாத்தப் போறாங்கன்னு கீழ எழுதியிருந்துச்சு. நான் எட்டிப் பார்த்துட்டு, ஏங்க, இது நம்ம துணிப் பெட்டி மாதிரியே இருக்கேன்னேன். பெட்டின்னா எல்லாம் பெட்டி மாதிரிதான் இருக்கும், உனக்கு மடிக்கிறதைத் தவிர என்ன தெரியும்னார். தெனம் அதைத் தூக்கி எறக்கின கை தம்பி. கைக்குத் தெரிஞ்சது கண்ணுக்குத் தெரியல.

ஏன் நம்பினார்னா? படத்தை யாரு நம்பினா? அனுப்பினது வாத்தியார். குரூப்புல போடாம இவருக்குன்னு தனியா அனுப்பியிருக்கார், கீழ மாப்பிள்ளைன்னு வேற போட்டு. வெறும் மாப்பிள்ளை, தூங்குமூஞ்சி இல்ல. அதைப் போயி பொய்யின்னு எப்படிச் சொல்லுவார்?

அன்னிக்குப் பொழுது சாயற நேரம் வேலைக்குக் கிளம்பினார். கதவுல ஆஸ்பத்திரி பேரு எழுதின வண்டி மக்கர் பண்ணி நின்னுடுச்சு. மாத்து வண்டி குடுத்தாங்க. பேரு கீரு ஒண்ணும் இல்லாம வெறும் வெள்ளை. ஓட்டு எண்ற கட்டிடத்தைத் தாண்டித்தான் சலவைக்கூடத்துக்கு வரணும். அங்க கூட்டம் மறிச்சிருக்கு. ஒருத்தன் ஃபோனை உயரத் தூக்கிப் பிடிச்சிருக்கான், அதுல ஒரு குரல் சத்தமாச் சொல்லுது, வெள்ளை வேன் வரும், விடாதீங்கன்னு.

கதவைத் தொறடான்னிருக்காங்க. தொறந்திருந்தா நாலு போர்வையைப் பார்த்துட்டு மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிருப்பாங்க. ஆனா அன்னிக்கு ஏத்தினது தொத்துநோய் வார்டுத் துணி. அந்தப் பெட்டியை வழியில தொறக்கவே கூடாது. உள்ள கொண்டு வந்து, உறை மாட்டின கையாலதான் தொறக்கணும். வேலைக்குச் சேர்ந்தா அதுதான் முதல் பாடம். இவர் கதவுல முதுகை வச்சு நின்னுக்கிட்டு, வேணாம்பா, உங்களுக்கு ஒட்டிக்கும், வீட்டுல கொழந்தை குட்டி இருக்கும்னு கெஞ்சியிருக்கார். பார்த்தியா, தொறக்க மாட்டேங்கறான்னு ஒருத்தன் கத்தியிருக்கான். அவ்வளவுதான். அவங்க நல்லதுக்குச் சொன்னதே இவருக்கு எமனாப் போச்சு.

சலவைக்கூடத்துல எங்க மேஜை காலியாக் கிடக்குது. துணி வரலையேன்னு மேற்பார்வைக்காரர் குதிச்சுக்கிட்டு இருக்கார். டீ குடிக்க நின்னிருப்பார் சார்னு நான் சமாதானம் சொல்லிக்கிட்டு நிக்கறேன்.

தண்ணி வேணாம் தம்பி. நீங்க பாருங்க.

அடிச்சவங்க மேலயா? கோபம் இருந்துச்சு. கோர்ட்டுல பார்த்தேன். ஒருத்தன் என்னைவிட அதிகமா அழுதான். அந்தக் குரலு எங்க சித்தப்பா பேசற மாதிரியே இருந்துச்சும்மா, அதான் நம்பிட்டேன்னான்.

அட, வெளிச்சம் வந்துடுச்சே! நல்லா இருப்பீங்க. குரூப்புல தேடாதீங்க, அதைக் கலைச்சுட்டாங்க. போலீசு வந்ததும் சொந்தக்காரங்க அத்தனை பேரும் அழிச்சுட்டாங்க, வாத்தியார்தான் முதல்ல. இவர் வாத்தியாருக்குத் தனியா அனுப்பினது இதுலயே இருக்கும். கீழ போங்க. ஆங், அதான், மத்தியானம் அனுப்பினது. சத்தத்தைக் குறைச்சு வச்சுக் கேளுங்க.

என்ன தம்பி, கை நின்னுடுச்சு?

உங்களுக்கும் வந்துச்சா. ம். வாத்தியார்கிட்டேர்ந்து கை மாறிக் கை மாறி எல்லாருக்கும்தான் வந்துச்சு. அழிச்சுட்டீங்கல்ல? நல்லது.

ஆமா, வெள்ளை வேனை விடாதீங்கன்னு பேசினது எங்க வீட்டுக்காரர்தான். நீங்க ரோட்டுல கிடக்கற ஆளு மாப்பிள்ளை, உங்க வாயால சொன்னாத்தான் எடுபடும்னு வாத்தியார் சொல்லியிருக்கார். தூங்காம, முகம் கழுவி, தலை சீவிக்கிட்டு, அறைக்கதவைச் சாத்திட்டுப் பேசினார். குரலுக்கு எதுக்குங்க தலை சீவணும்னு நான்கூடக் கேலி பண்ணினேன். அடி விழும்போது, அது நான்தாம்பா, என் குரல்தாம்பான்னு சொல்லிப் பார்த்திருக்கார். ஃபோன்ல பேசற குரலும் அடி வாங்கற குரலும் ஒண்ணாவா இருக்கும்?

முழுசா வேணாம் தம்பி. ஆரம்பத்துல, சொந்தங்களே, எல்லாரும் சாப்பிட்டீங்களான்னு கேக்கறார் பாருங்க. அதுவரைக்கும் போதும். அங்கயே வெட்டிடுங்க.