தாமதமாக வந்த துடிப்பு

நான் வாய் திறக்கும் முன்பே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைவர் அவர்களே! கணக்கோடு கண்ணைக் கரைத்த அறிவியலாளர்களே! பொறுமையில் மூத்த பெரியவர்களே! பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு என் பேச்சையும் தாங்க வந்திருக்கும் தாய்மார்களே! கிரீஸ் கறை போகாத கைகளோடு கடைசி வரிசையில் நிற்கும் என் பட்டறைத் தோழர்களே! பாராட்டு என்றதும் தலையைக் குனிந்துகொண்ட எங்கள் அக்கா அவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நான் விஞ்ஞானி அல்லேன். இந்த ரேடியோ தொலைநோக்கியின் பெரிய தட்டைத் திருப்பும் மோட்டார்களுக்கு எண்ணெய் விடும் மெக்கானிக். அக்காதான் விஞ்ஞானி. உடன்பிறந்த அக்கா.

கருந்துளை என்றால் என்ன? கண்டதையெல்லாம் விழுங்கும் பூதம் என்கிறோம். விழுங்குமா? எல்லை தாண்டி அருகே போனதை விழுங்கும். எட்டிப் போவதை என்ன செய்யும்? வெளியை வளைக்கும்! வழியை வளைக்கும்! வந்துகொண்டிருக்கும் ஒளியையும் வளைக்கும்! அதோடு விட்டதா? அதன் பக்கத்தில் ஒரு கடிகாரம் ஓடினால், நம் கடிகாரத்தைவிட மெதுவாகவே ஓடும். அந்தப் பக்கமாக வரும் ஒளி தாமதமாகத்தான் வந்து சேரும்.

"நீ வேலைக்கு வர்ற மாதிரியா?" என்கிறார் கடைசி வரிசைத் தோழர். அதேதான் ஐயா! ஆனால் ஒளியிடம் யாரும் விளக்கக் கடிதம் கேட்பதில்லை.

வானத்தில் ஓர் இடத்தைக் காட்டி, அங்கே ஒரு மாபெரும் கருந்துளை இருக்கிறது என்று ஒன்பது ஆண்டுகளாகச் சொன்னார் அக்கா. காணாததை எப்படி நம்புவது என்றார்கள். அக்கா சொன்ன பதில் இதுதான்: அதன் பின்னாலிருந்து ஒரு ரேடியோ அலைத் துடிப்பு, அதுவும் ஒருவகை ஒளிதான், கிளம்பினால், அது இரு பக்கமாகவும் சுற்றி வரும், ஒன்று முந்தும், மற்றொன்று இரண்டு நாள் பிந்தும். அந்த இரட்டையைப் பிடிக்க அவருக்குக் கொடுத்த அவகாசம் இந்த மாதத்தோடு முடிவதாக இருந்தது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம். மேலே ஆள் இருக்கையில் யாரும் தட்டைத் திருப்பிவிடாதபடி, தட்டின்மேல் ஏறுபவன் மோட்டார் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வான். பூட்டியவன்தான் திறக்க வேண்டும். இயக்குநரே வந்தாலும் தொடக் கூடாது. நான் என்ன செய்தேன்? வேலையை முடித்தேன், இறங்கினேன், மகளின் ஓட்டப்பந்தயத்துக்காக வெளியூர் பேருந்தில் ஏறினேன். சாவி என் சட்டைப்பையில்! பூட்டு தொங்குகிறது, வேலை முடியவில்லை போலும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். மூன்று நாள் அந்தத் தட்டு அசையவே இல்லை.

திரும்பி வந்து பூட்டைத் திறந்த அன்றே செய்தி வந்தது. தற்செயலாக அந்தப் பக்கம் திரும்பியிருந்த வேறொரு நாட்டுத் தொலைநோக்கி, அன்று காலை ஒரு துடிப்பைப் பிடித்துவிட்டது!

"இது மூத்ததா, இளையதா?" என்றார் அக்கா. மூத்தது என்றால் இளையது இனிமேல் வரும். இளையது என்றால்? மூத்தது என் பூட்டு தொங்கிய நாளில் வந்து, ஆளில்லாத வீடு என்று போயிருக்கும். ஒன்பது ஆண்டு உழைப்பும் என்னால் போயிருக்கும்.

அக்கா திட்டவில்லை. "போய் மோட்டாரைப் பாரு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இரண்டு நாள் கழிந்தது. கணக்கிட்ட நேரம் முற்பகல் பதினொன்றரை. பதினொன்றரை ஆனது; ஒன்றுமில்லை. முப்பத்தைந்து, ஒன்றுமில்லை. என் கால் தரையில் நிற்கவில்லை. நாற்பதுக்குத் திரையில் ஒரு கோடு துள்ளியது! கொஞ்சம் மங்கல்தான், ஆனால் அதே ஏற்றம், அதே இரண்டு படி இறக்கம்!

"தம்பி, வந்துடுச்சுடா!" என்று அக்கா அழுதார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கண்ணுக்குத் தெரியாததால் இல்லை என்றார்களே, இன்று என்ன சொல்வார்கள்? வளைந்து வந்த ஒளி சாட்சி! தயங்கி நின்ற காலம் சாட்சி! ஒன்பது ஆண்டு தயங்காமல் நின்ற என் அக்கா சாட்சி!

அன்று அவரிடம் கேட்டேன். "அக்கா, அது வராமலே போயிருந்தா?"

"அப்பவும் நீ என் தம்பிதான்டா. என்ன, ஒரு வருஷம் உன்னோட பேசியிருக்க மாட்டேன்."

அந்த ஒரு வருடம் எனக்கு மிச்சம், ஐயா! இவ்வளவு நேரம் பொறுத்த உங்கள் செவிகளுக்கு நன்றி. வணக்கம்.